முதலில் பவளம், அப்புறம் விளக்கு

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு அம்மா வீடியோ காலில் வருவாள். தூத்துக்குடியில் அப்போது மணி ஆறு. சிங்கப்பூரில் எங்கள் கூடத்தில் மீன்தொட்டியின் வெள்ளை வெளிச்சம் மங்கி, நீலம் மட்டும் எரிகிற நேரம் அது. "என்னல, வீட்ட பார் மாதிரி ஆக்கி வச்சிருக்க?" என்று போன வாரம் கேட்டாள். போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். மீன்களை அவள் கண்டுகொள்ளவில்லை. பின்னால் இருந்த கல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "இது உங்க தாத்தா வீட்டுச் செவுத்துக் கல்லுல்லா" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். தாத்தா வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களில் பூப்பூவாக ஓட்டை விழுந்த கல் தெரியும். சின்ன வயதில் அதில் விரலை விட்டு விட்டு எடுப்பேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வெட்டி எடுத்த பவளக்கல். வீடு கட்ட, சுண்ணாம்பு நீற்ற என்று ஒரு காலத்தில் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கியது. அப்படி வெட்டி வெட்டியே தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. இப்போது இந்தியாவில் கல் பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. அதனால் சென்னையில் இருக்கும் நண்பர்கள் "ஒரு துண்டு கொண்டு வாயேன்" என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம்.

சிங்கப்பூரில் கடையில் வாங்கி வளர்க்கலாம். ஹாமர் என்கிற பவளத்தின் ஒரு தலைக்கு அறுபது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கொடுத்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நாலாயிரமால? ஒரு கல்லுக்கா?" என்றாள். அந்த நாலாயிரத்தை நான் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கொடுத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவர் போன மாதம் இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கிவிட்டு, "அண்ணே, எந்த லைட்ணே நல்லது?" என்று கேட்டார். "என்ன வளர்க்கப் போறீங்க?" என்றேன். "அது அப்புறம் பாத்துக்கலாம்ணே, முதல்ல லைட்டைச் சொல்லுங்க" என்றார். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில், "பவர் அதிகமா இருக்கிறதா பார்த்து வாங்கு, பிற்காலத்துக்கு உதவும்" என்பது.

என் தொட்டி 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். கல்லும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 75 லிட்டர். ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த இடத்தில் இருக்கிறது. டிவி எங்கே போனது என்பது வேறு கதை.

2021இல் தொடங்கினேன். தொட்டியை ஐந்து வாரம் சும்மா ஓடவிட்டு, அம்மோனியா நைட்ரைட்டாகி நைட்ரைட் நைட்ரேட்டாகும் வரை பரிசோதனைக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எல்லாம் பொறுமைசாலிதான். விளக்கில்தான் அவசரம். ஆன்லைனில் ஒரு கறுப்புப் பெட்டி விளக்கு, மேலே 165 வாட் என்று எழுதியிருந்தது, தொண்ணூறு வெள்ளி. இரண்டு திருகு: ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. இரண்டையும் கடைசி வரை திருகினேன். தண்ணீருக்கு இருபது செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எரியவிட்டேன். வெயில் நன்றாக விழுந்தால் பயிர் நன்றாக வரும் என்கிற விவசாயக் கணக்கு. எங்கள் குடும்பத்தில் யாரும் விவசாயம் பார்த்ததில்லை.

ஹாமர் என்பது கிளைக்கிளையாகச் சுண்ணாம்பு எலும்பும், அதன் நுனியில் சுத்தியல் தலை மாதிரி முடிகிற கொழுகொழு கைகளுமாக இருக்கும். நீரோட்டத்தில் அந்தக் கைகள் ஆடுவதைப் பார்க்கத்தான் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். என்னுடையது முதல் வாரம் கையை நீட்டியது. இரண்டாம் வாரம் பாதிதான் நீட்டியது. மூன்றாம் வாரம் உள்ளங்கையை மூடிக்கொண்டது மாதிரி சுருங்கி, பச்சை போய், தோலுக்கு உள்ளே இருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. காளான் பவளங்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்தன. கல் மேல் மட்டும் அமோக விளைச்சல்: முதலில் பழுப்புப் படலம், பிறகு பச்சைத் தலைமுடி மாதிரி பாசி.

தண்ணீரில்தான் கோளாறு என்று நினைத்தேன். மாற்றினேன். இன்னும் மாற்றினேன். உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, காரத்தன்மை 8.5 dKH, கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி., எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. கடைசியில் போனில் படம் எடுத்துக்கொண்டு பாசிர் ரிஸ் பண்ணைப் பக்கம் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். வாடிக்கையாளர் வந்தால் எழுந்திருக்கமாட்டார், ஆனால் பதில் சொல்வார். தண்ணீரைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "லைட் எவ்வளவு பர்சன்ட்?" என்றார். நூறு என்றேன். கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு போனார். கடையின் மிகப் பிரகாசமான தொட்டியைத் தாண்டிப் போய், பின்வரிசையில் ஓர் இருட்டு மூலையைக் காட்டினார். அவருடைய ஹாமர்கள் எல்லாம் அங்கே அடித்தட்டில் மணலுக்குப் பக்கத்தில் கைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. "இது கலங்கல் தண்ணில இருந்து வர்றது லா. நீ அதைக் கொண்டுபோய் அடுப்புல வச்சிருக்க."

அன்றைக்கு வீடு வந்து விளக்கை முப்பது சதவீதத்துக்கு இறக்கினேன். தாமதம். ஹாமர் செத்தது. காளான்கள் பிழைத்தன.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கிறது, சமைத்ததில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. வாடகைக்குப் பதில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் அளவுக்கு மீறினால், அதிலும் சூடும் சேர்ந்தால், பாசியின் சமையல் தறிகெட்டு, நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் குடியிருப்பவரை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் பாசியோடு போய்விடும், வருமானமும் போய்விடும். கடலில் பவளம் வெளுக்கிறது என்று செய்தியில் வாசிக்கிறோமே, அதே சங்கதி. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலிலும் அது நடந்தது. அங்கே காரணம் கடல் சூடானது. என் வீட்டில் காரணம் நான்.

அங்கிள் சொன்ன கலங்கல் தண்ணீர் மனசில் நின்றுவிட்டது. அடுத்த மே மாதம், கடல் நன்றாக வற்றுகிற ஒரு விடியற்காலையில், வழிகாட்டியோடு போகும் ஒரு குழுவில் பெயர் கொடுத்துப் புலாவ் ஹந்துவுக்குப் போனேன். மலாயில் ஹந்து என்றால் பேய். பேய்த்தீவுக்கு நேர் எதிரே புலாவ் புக்கோம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ராத்திரி முழுக்க விளக்கெரிந்துகொண்டு கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றால் என் கால் எனக்குத் தெரியவில்லை. ஊரில் தீவுப் பக்கம் படகில் போனபோது தண்ணீருக்குள் கண்ணாடி மாதிரி தெரிந்த நாள்களும் உண்டு. இது டீக்கடையில் டபரா கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. டார்ச் அடித்தால் அதற்குள் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பவளம், தட்டுத் தட்டாகப் பவளம், விரிப்பு மாதிரிப் படர்ந்த ஒரு பெரிய கடல் சாமந்தி (அனிமோன்), அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள். எதையும் தொடக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது, மிதிக்கும் இடம் பார்த்து மிதிக்கவேண்டும் என்று வழிகாட்டிப் பெண் மூன்று முறை சொன்னார்.

இந்த ஊர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கல் பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கிய வேலையிலும் கப்பல் வழி ஆழப்படுத்துவதிலும் கிளம்பிய சேறு பல ஆண்டுகளாக மிதந்துகொண்டிருப்பதால், சூரிய வெளிச்சம் ஆழத்துக்குப் போவதில்லை. தெளிந்த கடலில் முப்பது நாற்பது மீட்டர் வரை இறங்குகிற பவளம் இங்கே எட்டுப் பத்து மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. அப்படியும் இத்தனை இனம் இருக்கிறது என்றால், வெளிச்சம் குறைந்த வாழ்க்கைக்கு ஒத்துப்போகிற பவளங்கள் நிறைய இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? எல்லாம் அப்படி இல்லை என்பதும் நிஜம். அக்ரோபோரா மாதிரி கொம்புக் கொம்பாக வளர்பவை அலை அடிக்கிற ஆழமற்ற இடத்து வெயிலுக்குப் பழகியவை. அவற்றுக்கு நிஜமாகவே நிறைய வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு பவளமும் எந்த ஆழத்திலிருந்து, எப்படிப்பட்ட தண்ணீரிலிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். விளக்குக் கடை அதற்கு அடுத்த நிறுத்தம்.

அப்புறம்தான் அளக்கக் கற்றுக்கொண்டேன். பவளத்துக்கு உபயோகமான வெளிச்சத்தை 'பார்' என்ற அளவில் சொல்கிறார்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்கிற கணக்கு. எங்கள் ஊர்க் கடல்காரர்களுக்குப் பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் திட்டு. முத்துச்சிப்பி கிடந்த பார், மீன் கிடக்கிற பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். அம்மாவுக்குப் பார் என்றால் டாஸ்மாக். எனக்கு இப்போது மூன்றும்.

அளக்கும் கருவி விலை அதிகம். இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். பரணில் கிடந்த பழைய கறுப்புப் பெட்டியை ஒரு பிடிவாதத்துக்காக மறுபடியும் அதே உயரத்தில் தொங்கவிட்டு அளந்தேன். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, நடுவில், 600ஐத் தாண்டியது. ஹாமர் வைத்திருந்த இடத்தில் 380. ஹாமருக்கு 80 முதல் 150 போதும். காளான், பட்டன் பவளம், தோல் பவளம் இவற்றுக்கெல்லாம் 50 முதல் 100. அக்ரோபோராவுக்கே 200 முதல் 350தான் சொல்வார்கள். நான் கொடுத்தது யாருக்கும் வேண்டாத வெளிச்சம். வேண்டியிருந்தது கல் மேல் வளர்ந்த பாசிக்கு மட்டும்.

இப்போது இருப்பது ஒற்றை விளக்கு, கைக்கு அடங்கும் அளவு, சுமார் 55 வாட். நீலம், ஊதா, வெள்ளை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். தண்ணீருக்கு 25 செ.மீ. மேலே. நீலம் 55 சதவீதம், வெள்ளை 15. இந்த நிலையில் மேல் கல்லில் 170, நடுக்கல்லில் 110, மணலில் 60, மூலைகளில் 35. ஒற்றைப் புள்ளியிலிருந்து வருகிற விளக்கில் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு இது வசதி. ஒரே தொட்டிக்குள் வெயிலும் நிழலுமாக நான்கு தெரு கிடைக்கிறது, அவரவருக்கு ஏற்ற தெருவில் வீடு கொடுக்கலாம். சீராக வெளிச்சம் வேண்டுபவர்களுக்கு டி5 குழல்விளக்கு இன்றைக்கும் நல்லதுதான், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை குழலை மாற்றவேண்டும். மெட்டல் ஹாலைடு பற்றி யோசிக்கவே வேண்டாம், இந்த ஊர் வெக்கையில் தொட்டி ரசமாகிவிடும். முப்பது லிட்டருக்குள் ஒரு குட்டித் தொட்டியில் காளானும் பட்டனும் மட்டும் என்றால் கெசில் ஏ80 மாதிரி 15 வாட் விளக்கே போதும்.

எல்லாம் ஏன் நீலம் என்று அம்மா கேட்டதற்கு விளக்கு அலங்காரம் காரணமில்லை. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது. பத்து மீட்டர் இறங்கினால் சிவப்பு ஏறக்குறைய இல்லை, நீலம் மட்டும் தொடர்ந்து போகிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசி அந்த நீலத்தைப் பிடித்துச் சமைக்கப் பழகியது. பவளத்தின் சில நிறப் புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தருவதால்தான் அது பளபளக்கிறது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில கடைகளில் நீலத்தை மட்டும் எரியவிட்டிருப்பார்கள். எல்லாமே ரத்தினக்கடை மாதிரி ஜொலிக்கும். வீட்டுக்கு வந்து வெள்ளையைப் போட்டால் பழுப்பு. புடவைக் கடையில் துணியை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அதே போல "கொஞ்சம் வெள்ளை லைட் போடுங்க" என்று கேட்டுப் பார்த்து வாங்கவும். கேட்டால் அங்கிள் முகம் சுளிப்பார், ஆனால் போடுவார்.

நேரம்: பகல் 12 மணிக்கு மெல்ல எரியத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் முழு அளவுக்கு வந்து, ஏழு மணிக்கு வெள்ளை குறைந்து, ஒன்பதுக்கு அணையும். மொத்தம் ஒன்பது மணி நேரம். வேலை முடிந்து வந்து பார்ப்பதற்காக மதியம் தொடங்கவிட்டிருக்கிறேன். பவளத்துக்கு எந்த மணியாக இருந்தாலும் சரி, தினமும் அதே மணியாக இருந்தால் போதும். புதிதாக எது வந்தாலும் முதலில் மணலில் ஒரு மூலையில் வைத்து, வாரத்துக்கு ஒரு படியாக மேலே ஏற்றுகிறேன். இரண்டாவது ஹாமரை அப்படித்தான் ஏற்றினேன். நடுக்கல்லுக்கு வர ஐந்து வாரம் ஆனது. ஒரு தலையாக வந்தது இப்போது நான்கு தலை.

அதற்கு இடதுபக்கம் ஒரு சாண் இடம் காலியாக விட்டிருக்கிறேன். வருகிற விருந்தாளிகள் எல்லாம் அங்கே எதையாவது வைக்கலாமே என்கிறார்கள். ராத்திரியில் ஹாமர் நீளமான கொடுக்கு இழைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்க்கும். கைக்கு எட்டியவர்களைச் சுடும். 75 லிட்டரில் இடம் என்பது கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவு. பச்சைப் புல் மாதிரி படர்கிற ஸ்டார் பாலிப்பைத் தனிக்கல்லில், மற்ற கல்லைத் தொடாமல் தீவு மாதிரி வைக்கவேண்டும். இல்லையென்றால் வருடத்துக்குள் புல்வெளி மட்டும்தான் மிஞ்சும். பட்டன் பவளம் எனப்படும் ஜோவாந்திட் அழகானது, சுலபமானது, பொறுமையானது. ஆனால் அதன் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற கொடிய நச்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறை, கண்ணாடி கட்டாயம். அது ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடுவதோ, கொதிக்கவைப்பதோ கூடவே கூடாது. ஆவியில் வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. இதைக் கடையில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மீன் விஷயத்தில் நான் வேறு ஒரு தவறு செய்யவிருந்தேன், மகள் பக்கத்தில் இருந்தும் தடுத்தது அங்கிள்தான். நீல உடம்பு, மஞ்சள் வால், எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த அந்த 'டோரி' மீன். கடையில் ஐந்து செ.மீ. இருந்தது. வளர்ந்தால் முப்பது செ.மீ. என்றார் அங்கிள். என் தொட்டியின் அகலமே நாற்பது. "ஸ்கூல் பஸ்ஸை லிஃப்ட்டுக்குள்ள நிறுத்துவியா?" என்று மகளிடம் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "திருப்ப முடியாது" என்றாள். தீர்ந்தது.

முதலில் வந்தவர்கள் இரண்டு கோமாளி மீன்கள், பண்ணையில் பொரித்தவை. கடலில் பிடித்ததைவிட இவை தொட்டிக்கும் உலர் தீனிக்கும் பழகியவை. சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த மீனோ என்கிற சந்தேகமும் இல்லை. இரண்டும் ஒரே அளவில் இருந்தன. கோமாளி மீன் எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். சண்டையில் ஜெயித்துப் பெரிதாகிறது பெண்ணாகிவிடும். ஆறு மாதத்தில் ஒன்று இன்னொன்றைவிட ஒன்றரை மடங்கு ஆனது. அது வந்தால் சின்னது உடம்பை உதறி நடுங்கிக் காட்டும், சரணம் என்று அர்த்தம். என் மனைவிக்கு இந்தக் குடும்ப அமைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. இவர்களுக்குக் கடல் சாமந்தி வாங்கிக் கொடுக்கவில்லை. அது நினைத்தால் நகரும், ஒரு ராத்திரி பம்புக்குள் போய் மாட்டினால் மொத்தத் தொட்டியும் போச்சு. சாமந்தி இல்லாமலே என் மீன்கள் ஹாமரை வீடாக்கிக்கொண்டன. ஹாமர் முதல் வாரம் எரிச்சல்பட்டது, இப்போது பேசாமல் இருக்கிறது.

அடுத்து மஞ்சள் காவல்கோபி மீனும் துப்பாக்கி இறாலும். தனித்தனியாக வாங்கி, ஒரே மூலையில் விட்டேன். மூன்றாம் நாள் ஒரே வளையில் இருந்தார்கள். இறாலுக்குப் பார்வை மட்டம். அது நாள் முழுக்க புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வரும்போதெல்லாம் ஓர் உணர்கொம்பை மீனின் மேல் வைத்திருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும், இரண்டும் உள்ளே. இதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். விளக்கையும் பவளத்தையும் பற்றி இத்தனை எழுதினாலும், உண்மையைச் சொன்னால், இந்தத் தொட்டியில் நான் அதிகம் பார்ப்பது இந்த நாலு அங்குல வளைவாசலைத்தான். ஒரு எச்சரிக்கை: இறால் தோண்டும். கல்லை மணல் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் நிறுத்திவிட்டு மணலைப் பிறகு போடவேண்டும். எனக்கு ஒரு கல் சாய்ந்த பிறகு புரிந்தது.

நான்காவதாக ஒரு தீமீன் இருந்தது, ஃபயர்ஃபிஷ். வெள்ளை உடம்பு, பின்பாதி சிவப்பு, முதுகில் கொடி. கூச்ச சுபாவம். ஒரு நாள் காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்கு வலைமூடி போடவேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மூடி வெளிச்சத்தைக் குறைக்கும் என்று நான் போடவில்லை. பிறகு அளந்தேன்: மெல்லிய வலை பத்து சதவீதம்கூடக் குறைப்பதில்லை. தேவைக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தவன், பத்து சதவீதத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி பாசி மேய நத்தை ஆறு, மணலைக் கிளற நசாரியஸ் நத்தை நான்கு, ஒரு துப்புரவு இறால். மூன்று மீனோடு நிறுத்திவிட்டேன். சின்னத் தொட்டியில் ஒவ்வொரு மீனும் தீனி, தீனி என்றால் கழிவு, கழிவு என்றால் பாசிக்கு உரம். மீன் குறைவாகவும் விளக்கு மிதமாகவும் இருந்தால் பாசிக்கு வேலையில்லை. தலைமுடிப் பாசி போனது எந்த மருந்தாலும் இல்லை.

வெக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடம் மதியத்தில் 31 பாகை. தொட்டிக்கு 26 நல்லது, 28க்குள் இருந்தால் சமாளிக்கும். பழைய விளக்கு காலத்தில் குளிரூட்டும் சில்லர் வாங்கவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதன் விலைக்கு ஊருக்குப் போய் வரலாம். விளக்கு பாதியானதும் தண்ணீர் மேல் வீசும் இரண்டு சின்ன மின்விசிறியே போதுமாகிவிட்டது. விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும், நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும் போகும், அதனால் சுத்திகரித்த நன்னீரைத்தான் ஊற்றவேண்டும். இரண்டு நாள் மறந்தால் உப்பு ஏறிவிடும். கறுப்புப் பெட்டி நிஜத்தில் 115 வாட் இழுத்தது. பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் மாதம் 41 யூனிட், யூனிட் 30 காசு என்றால் பன்னிரண்டு வெள்ளி. இப்போதைய விளக்கு முழு அளவில் எரிவதே இல்லை, மூன்று வெள்ளியைத் தாண்டுவதில்லை. இந்தக் கணக்கை மட்டும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: காளான், பட்டன், ஒரு ஹாமர், ஒரு ஜோடி கோமாளி மீன், 50 வாட்டைத் தாண்டாத ஒரு விளக்கு. அவர் அதைப் பார்த்துவிட்டு, "அக்ரோபோரா வைக்கணும்னு ஆசைண்ணே" என்றார். தாராளமாக வைக்கலாம், ஆனால் இரண்டு வருடம் தண்ணீரின் அளவுகள் ஏறி இறங்காமல் நிற்கப் பழகிய பிறகு, வேறு விளக்கோடு. ஆசை தெரிந்துவிட்டது என்பதே எனக்கு நிம்மதி. இனி எந்த விளக்கு என்று பேசலாம்.

என் வீட்டிலும் ஓர் ஆசை பாக்கி இருக்கிறது. மகளுக்கு மாண்டரின் மீன் வேண்டும். நீலத்தில் ஆரஞ்சுக் கோலம் போட்ட மாதிரி, மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து போகும். அது நாள் முழுக்கக் கல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோப்பிபாட் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். வேறெதையும் பெரும்பாலும் தொடாது. சின்னத் தொட்டியில் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு, அழகாக, மெதுவாக, பட்டினியில் சாகும். உறைதீனி தின்னப் பழகிய பண்ணை மீன் வந்தால் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அங்கிள் அவளிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டார்: "லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடி. கண்ணாடியில ஒரு உள்ளங்கை அளவுல எத்தனை பூச்சி ஓடுதுன்னு எண்ணு. நூறு வந்தா வா."

அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்குத் தூங்காமல், இருட்டில், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எண் எழுதுகிறாள். நேற்று பதினேழு.